மலையேறும் டீசல் கார்... டர்போவைக் காப்பாற்றுவது எப்படி?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி மாரமங்கலம் போன்ற மலைக்கிராமங்களுக்குப் போனால், பாதை ஏற்றமும் இறக்கமுமாக நீளும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறையும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால், உள்ளே இருக்கும் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

அந்த இழுவையைத் தருவது டர்போசார்ஜர். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய 15% குறைவு. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்.

ஹோஸ் பைப் தத்துவம்

இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகையின் வேகம் போதாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸின் வாயை விரலால் பாதி மூடினால், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா? வேரியபிள் ஜியோமெட்ரி டர்போவும் அதைத்தான் செய்கிறது. சக்கரத்தைச் சுற்றியுள்ள சின்னத் தகடுகள் குறைந்த வேகத்தில் நெருங்கி, புகை போகும் வழியைக் குறுக்கும். வேகம் கூடினால் விரியும். மாருதி ஸ்விஃப்ட்டில் 75 பி.எஸ் சக்தி தந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின், எர்டிகாவில் இந்த டர்போவுடன் 90 பி.எஸ் தந்தது.

எங்கே பழுதாகிறது?

தகடுகள் இருப்பதே நெருப்புக்கு நடுவில். டீசல் புகையின் வெப்பம் 800 டிகிரி வரை போகும். பெட்ரோலில் 1,000 டிகிரியை நெருங்கும். அதனால்தான் பெட்ரோல் கார்களில் இது அரிதாக இருந்தது. 2006-ல் வெளிவந்த போர்ஷே 911 டர்போ, அதிக வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளைக் கொண்டு அதைச் சாதித்தது.

டீசலுக்கு வெப்பத்தைவிடப் பெரிய எதிரி கரி. பக்கத்துக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டுமே உருண்டுகொண்டிருக்கும் காரில் கரி படிந்து, தகடுகள் அசைய முடியாமல் இறுகிவிடும். பிறகு ஒருநாள் மலையில் திடீரென பிக்-அப் செத்துவிடும். கறுப்புப் புகை வரும். எச்சரிக்கை விளக்கு எரியும்.

என்ன செய்யலாம்?

* அவ்வப்போது ஹைவேயில் அரைமணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

* ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். ஆயில் டர்போவின் தண்டு வரை போய்ச்சேர சில நொடிகள் தேவை.

* மலையேறி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள். உடனே நிறுத்தினால், சூட்டில் தேங்கும் ஆயில் கருகிவிடும்.

* கம்பெனி சொன்ன ஆயிலை உரிய நேரத்தில் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் மறக்காதீர்கள்.

‘டர்போ போச்சு, புதுசு மாத்தணும்’ என்று மெக்கானிக் சொன்னால் பதறாதீர்கள். வேக்யூம் ஹோஸில் கீறல் இருக்கிறதா, தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கரியைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும் டர்போக்களும் உண்டு. பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்!