பழைய கிதாருக்குப் புதுப் பூச்சு: தீவில் சிக்கனமாகச் செய்யும் முறை

அந்தமான் தீவுகளில் பொருள்களுக்கு வயது விரைவாக ஏறுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடுகிறது. மழையில்லாத நாள்களிலும் கடலிலிருந்து உப்புக்காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது, தோல்பொருள்களில் பூசணம் பூக்கிறது, மரச்சாமான்களின் மெருகு மங்குகிறது. வீட்டின் ஒரு மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட மின்கிதாரும் இதற்கு விலக்கன்று. சில பருவங்கள் கழிந்ததும் அதன் உடற்பூச்சு வெடித்து, ஓரங்களில் செதில்செதிலாக உரியத் தொடங்குகிறது.

தேவாலயப் பாடகர் குழுவிலும் திருமண வரவேற்பு மேடைகளிலும் விடுதிகளிலும் வாசிக்கும் இளைஞருக்கு அது பொழுதுபோக்குப் பொருள் அன்று. வருவாய் தரும் தொழிற்கருவி. உரிந்த கிதாரோடு மேடையேற மனம் கூசுகிறது. புதிதாக வாங்கலாமென்றாலோ, சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும். அதற்குக் கடன் வாங்கலாமா என்ற எண்ணம் எழுகிறது. அந்த முடிவுக்கு வருமுன், பழைய கருவியை வீட்டிலேயே, சிறு செலவில் புதுப்பிக்க முடியுமா என்று நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒலி எங்கே பிறக்கிறது?

மின்கிதாரின் குரல் அதன் வண்ணத்தில் இல்லை. எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தின் புலம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. ஜார்ஜ் போஷாம் என்பவர் உருவாக்கி 1937-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற தொடக்ககால மின்கிதாரின் உடல் அலுமினியத்தால் ஆனது. மரமே இல்லாத உடலும் அன்று இசைத்தது என்றால், பூச்சு உரிந்ததால் ஒலி கெட்டுவிடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை.

எனினும் பூச்சு வெறும் அழகுக்கானதும் அன்று. உரிந்த இடத்தின் வழியே மரத்துக்குள் ஈரம் புகுகிறது. மரம் உப்பிச் சுருங்கும்போது திருகாணித் துளைகள் தளர்கின்றன. தந்திகளின் இழுவிசையைத் தாங்கும் பாலத்தின் திருகாணிகள் துருவேறுகின்றன. மரத்தையும் உலோகத்தையும் காக்கும் குடையே பூச்சு. அந்தக் குடையைச் சீர்செய்வதற்குத்தான் செலவிடுகிறோம் என்ற தெளிவு இருந்தால், எவ்வளவு செலவிடுவது என்ற கேள்விக்கும் விடை எளிதாகும்.

மரத்தை அறிந்த மண்

மரத்துக்கு மெருகேற்றும் கலை இத்தீவுகளுக்குப் புதிதன்று. ஸ்ரீ விஜயபுரம் என இன்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கப்பட்ட மரம் அறுக்கும் ஆலை, ஆசியாவின் பழைமையான ஆலைகளுள் ஒன்று. 1942-இல் ஜப்பானியர் வீசிய குண்டினால் உண்டான பள்ளத்தை ஆலை வளாகத்தில் இன்றும் காணலாம். அந்தமான் படாக் மரத்தின் செம்மையான வைரத்தைக் கண்டவர் அதை எளிதில் மறப்பதில்லை. தமிழர் நன்கறிந்த வேங்கையும் செம்மரமும் தாவரவியலில் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. இதன் இன்னொரு உறவான ஆப்பிரிக்கப் படாக், உலகின் பல கிதார்ப் பட்டறைகளில் பயன்படுகிறது.

அதனால் பழைய கிதாரின் முகப்பில் படாக் பலகை ஒன்றை ஒட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை இங்குள்ளோர்க்கு எழுவது இயல்பு. இதில் மூன்று செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, 2002-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பின் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. உரிய ரசீதுடன் கிடைக்கும் மரத்தையே வாங்க வேண்டும். மரப்பொருளைத் தலைநிலத்துக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. இரண்டாவது, படாக்கின் செந்நிறம் ஸ்பிரிட்டில் கரைந்து, அருகிலுள்ள வெளிர்மரத்தில் கறையாகப் படியும். மூன்றாவது, அதன் தூள் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். முதன்முறை முயல்வோர், இருக்கும் உடலைப் புதுப்பிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மூன்று வழிகள்

முதல் வழி, மெருகேற்றல் மட்டும். பூச்சு உரியாமல் மங்கியிருந்தால், 1500, 2000 எண் கொண்ட வாட்டர் பேப்பரால் நீர் தொட்டு மெல்லத் தேய்த்து, கார்களுக்குப் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டால் துடைத்தால் போதும். பலருக்கு இதற்குமேல் தேவைப்படாது.

இரண்டாம் வழி, பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சு. இன்றைய ஆலைக் கிதார்கள் பலவற்றின் பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி போல் கடினமானது. அதை முழுவதும் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. உரிந்த ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, மேற்பரப்பு முழுவதையும் 320 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தால், அதுவே புது வண்ணத்துக்கு நல்ல அடித்தளமாகும். கார் வண்ணத்தைக் கிதாருக்கு அடிக்கலாமா என ஐயுற வேண்டியதில்லை. புகழ்பெற்ற ஃபெண்டர் நிறுவனமே 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் டூபான்ட் நிறுவனத்தின் கார் வண்ணங்களைத் தன் கிதார்களுக்குப் பூசியது.

மூன்றாம் வழி, மரம் தெரியும்வரை உரித்து, நிறமற்ற வார்னிஷ் பூசுதல். தெளிப்பான் தேவையில்லை, பஞ்சு உதிராத பருத்தித் துணி போதும். வீட்டில் செய்ய எளிதானது இதுவே. ஆனால் வண்ணத்துக்கு அடியில் இருப்பது அழகிய மரமா, ஒட்டுப்பலகையா என்பது உரித்த பின்பே தெரியவரும். கழுத்து பொருந்தும் குழியையும் மின்பாகங்கள் இருக்கும் அறையையும் திறந்து பார்த்தால் ஓரளவு முன்னறியலாம்.

செய்முறை

முதலில் தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். மின்கம்பிகள் இணைந்துள்ள விதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, பாலத்துக்குச் செல்லும் தரைக்கம்பியை மறக்கக் கூடாது. அது விட்டுப்போனால் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும். திருகாணிகளைப் பகுதிவாரியாகச் சிறு டப்பாக்களில் இட்டுப் பெயரெழுதி வைக்கலாம். கழுத்தைத் திருகாணிகளால் பொருத்தியிருந்தால் அதையும் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மரச்சட்டத்தை முடுக்கிக்கொண்டால், உடலைப் பிடிக்கவும் தொங்கவிடவும் கைப்பிடியாகும். அந்தக் குழிக்குள் வண்ணம் படாதவாறு தாளொட்டி மறைப்பது மிக முக்கியம். அங்கே பூச்சின் கனம் கூடினால் கழுத்து மீண்டும் சரியாக அமராது.

உரிக்கும் வழியைத் தேர்ந்தவர்கள் 120, 180, 240, 320 என்ற வரிசையில் உப்புத்தாளை மாற்றி, மரத்தின் இழையோட்டத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் பூசியதும் பளிச்செனத் தெரியும். தூளைத் துடைத்து, ஒற்றைக் கலவைப் பாலியூரித்தேன் வார்னிஷைச் சிறிது மினரல் டர்பென்டைன் கலந்து மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஒவ்வொரு படலமும் நன்கு காய்ந்த பிறகே 320 எண் தாளால் மெல்ல வருடி, அடுத்ததைப் பூச வேண்டும். இவ்வாறு ஐந்தாறு படலங்கள் போதும். கனமாக ஒரே முறை பூசினால் வழியும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

நம் நாட்டின் பழம்பெரும் மெருகுப்பொருளான அரக்கைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ஜார்க்கண்டில் மிகுதியாக விளையும் அரக்கு, மரத்துளைகளை மூடும் அடிப்பூச்சாகச் சிறந்தது. ஆயின் வியர்வையும் ஈரமும் அதை எளிதில் மங்கச் செய்யும். தீவுச் சூழலில் மேற்பூச்சாக அது நிலைக்காது. வெறும் ஆளிவிதை எண்ணெயும் ஈரக்காற்றில் காய நாள் பிடிக்கும். பூசணத்துக்கும் இடம் கொடுக்கும்.

தெளிப்பு வண்ணத்தைத் தேர்ந்தால், அடிப்பூச்சு, வண்ணம், மேற்பூச்சு மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தனவாக இருக்க வேண்டும். எனாமல் மீது லாக்கரைத் தெளித்தால் பரப்பு சுருங்கிச் சுருக்கம் விழும். மறைவான இடத்தில் சிறிது தெளித்துச் சோதித்துப் பார்ப்பது பாதுகாப்பானது. வண்ணக் குப்பிகளையும் தின்னரையும் விமானப் பயணப் பையில் எடுத்துவர அனுமதியில்லை. எனவே உள்ளூர்க் கடையில் கிடைப்பதையே, தேவையான அளவு ஒரே முறையில் வாங்கிவிடுவது நல்லது.

ஈரத்தை வெல்லும் காலம்

தின்னர் விரைவாக ஆவியாகும்போது பூச்சின் பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிந்து, பூச்சுக்குள் சிக்கி, வெண்மேகம் போல் தெரிகிறது. தீவில் லாக்கர் தெளிப்போர் பலருக்கும் நேரும் ஏமாற்றம் இது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை நெருங்கும்போது தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்று இந்த வேலையில் வண்ணத்தைவிட மதிப்புள்ள முதலீடு. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்காலமே ஏற்றது. அதிலும் வெயில் ஏறிய முற்பகல் சிறந்தது. மழைக்காலத்தில் கழற்றல், தேய்த்தல், பட்டி பார்த்தல் ஆகியவற்றை முடித்துவைக்கலாம். லாக்கர் பூச்சு முழுமையாக இறுக ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். முகர்ந்து பார்த்தால் தின்னர் வாடை இருக்கும்வரை பாகங்களைப் பொருத்தக் கூடாது.

உயிரினும் பெரிதன்று கிதார்

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைக் கார் வண்ணங்களில் ஐசோசயனேட்டுகள் இருக்கின்றன; அவை தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. அவ்வகையை வீட்டில் தொடவே வேண்டா. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பங்கரை வரை செல்லும். திறந்த வெளியில், தீயிலிருந்து விலகி வேலை செய்ய வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி எறிந்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் நனைத்துவைக்க வேண்டும்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சைத் தேய்க்கும்போது நீர் தொட்டே தேய்த்து, தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்களும் கருவுற்ற பெண்களும் அருகில் இருத்தலாகாது.

கணக்கு

புதுப்பிக்கும் செலவு, அதே தரமுள்ள புதிய கருவியின் விலையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிதாருக்கு மூவாயிரம் ரூபாய் எல்லை. அந்தத் தொகையில் முதல் பங்கு முகக்கவசத்துக்கும் ஈரப்பதமானிக்கும். அடுத்தது உப்புத்தாளுக்கும் வார்னிஷுக்கும். எஞ்சியது புதிய தந்திகளுக்கும் துருப்பிடித்த திருகாணிகளுக்கும். கழுத்து வளைந்திருந்தாலோ, சுரக்கட்டைகள் தேய்ந்திருந்தாலோ, பணத்தை முதலில் அங்கே செலவிட வேண்டும், பூச்சு காத்திருக்கலாம். கணக்கு எல்லையைத் தாண்டினால் புதியதே மேல். அப்போதும் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர்வைப்பில் சேர்த்தால், பன்னிரண்டாயிரமும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும். கடனுக்கு வட்டி கட்டும் நிலை வாராது.

குறைந்த பணம் குறைந்த கலைக்குக் காரணமாவதில்லை. குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, 1963-இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிதார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தானது. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்கள் அதிர்வுப் பாலத்துக்குப் பயன்பட்டன. தாயின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் சுரக்குறிகளாயின. பின்னாளில் உலகின் பெரும் மேடைகளில் அவர் அதையே வாசித்தார்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகள் பழைமையான, பெயர்பெற்ற நிறுவனத்தின் கிதார் வீட்டில் இருந்தால், அதன் வெடித்த பூச்சே அதன் சான்றிதழ். மூலப் பூச்சை உரித்தால் சந்தை மதிப்பு பெரிதும் குறையும். அத்தகைய கருவியைத் தக்கவரிடம் காட்டிக் கேட்காமல் உப்புத்தாளைக் கையிலெடுக்க வேண்டா. மற்றக் கிதார்களுக்கு, வரும் உலர்காலத்துக்கு முன் ஒரு பட்டியல் எழுதி, விலை விசாரித்து, மழை நாள்களிலேயே தேய்ப்பு வேலையைத் தொடங்கிவிடலாம்.