டன்லப் என்றொரு கோட்டை

கள்ளிக்குப்பம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்பத்தூரில் டன்லப் ஸ்டாப் என்கிறோம். டயர் கம்பெனி தெரியும். அந்தப் பெயருக்கு என்ன பொருள்?"

ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் டன்லப் என்று ஒரு சிற்றூர் உண்டு. கேலிக் மொழியில் 'டூன்' என்றால் கோட்டை. பின்பாதிக்குச் சேறு என்றும் வளைவு என்றும் பொருள் சொல்கிறார்கள். நம் புதுக்கோட்டை, அருப்புக்கோட்டை போலக் கோட்டையால் பெயர் பெற்ற ஊர். ஊரால் பெயர் பெற்றது குடும்பம்.

அதே அயர்ஷயரில் 1840இல் பிறந்தவர் ஜான் பாய்டு டன்லப். தொழில் கால்நடை மருத்துவம். பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட, 1887இல் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் 1840களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் பெயர் டன்லப்புக்கே நின்றது; டயர் கம்பெனிக்கும் அதுவே பெயரானது. ஐல் ஆஃப் மேன் பைக் பந்தயத்தில் 26 முறை வென்ற ஜோயி டன்லப்பும் இந்தப் பெயர்க்காரர்தான்.

என் மனத்தை விட்டு அகலாதவர் இன்னொருவர்: ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப். கல்லூரித் தோழர்கள் அவருக்கு 'வியரி', அதாவது களைத்தவன், என்று பட்டப்பெயர் வைத்தார்கள். டன்லப் என்றால் டயர்; ஆங்கிலத்தில் 'டயர்' என்றால் களைப்பும்தான். 1942இல் ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, மறு ஆண்டு, போர்க்கைதிகளைக் கொண்டு அவர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார். மருந்தில்லாத முகாம்களில் காலராவோடும் புண்களோடும் போராடிக் கைதிகளைக் காத்தார். அவருக்கு மெல்போர்னில் சிலை இருக்கிறது.

அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களுக்கு மருத்துவர் அநேகமாக இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. டன்லப் நிறுவனத்துக்கும் மலாயாவில் பெரிய தோட்டங்கள் இருந்தன. அங்கே பால்மரம் வெட்டியவர்களிலும் தமிழர்களே மிகுதி. பால் எடுத்த கை தமிழ்க் கை. பிறகு அம்பத்தூர் ஆலையில் டயர் செய்த கையும் தமிழ்க் கை. அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தமாக நிற்கிறது.

முதலாளியின் பெயரைப் பேருந்து நிறுத்தத்துக்கே வைத்துக்கொண்ட நாம், உழைத்தவர்களின் பெயரைக் காகிதத்தில்கூட எழுதி வைக்காதது பெரிய குறை. உங்கள் தெருவில் டன்லப்பில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அவர் எந்தப் பிரிவில் வேலை செய்தார், உடன் வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.