மூன்றாவது ஊசிக்கு எங்களை யார் கூப்பிட்டார்கள்?



மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கும் முதியோருக்கும் வீட்டிற்கே நற்கருணை கொண்டு செல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். அப்படிச் சென்ற ஒரு வீட்டில், எண்பது வயதை நெருங்கும் ஒரு பாட்டி நற்கருணை உட்கொண்டு, சிறிது நேரம் கண்களை மூடியிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சாமி, சளிக்காய்ச்சலுக்கு வருசா வருசம் ஒரு ஊசி இருக்குதாமே? இங்கிலாந்துல நர்சா இருக்கற மக போன்ல கேக்குது, போட்டியாம்மான்னு. அங்கெல்லாம் வயசானவங்களை அவங்களே கூப்பிட்டுப் போடறாங்களாம். கொரோனாவுக்கு மூணாவது ஊசியும் எனக்குப் போடல. எங்களை யாரு கூப்பிட்டா?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. அதன் பயனாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஊசிகள் போடப்பட்ட நாள்களைச் சற்று நினைவுகூர்வோம். 2021 மார்ச் 1 அன்று அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. நம் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் முதலில் வந்தவர்கள் மிகச் சிலரே. போதாக்குறைக்கு ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். அவரது இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அந்த ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் வதந்திக்குக் கால்கள் அதிகம், விளக்கத்துக்கோ நொண்டிக்கால். "சிரிக்க வெச்ச மனுசனையே கொண்டுபோயிடுச்சு, நானெல்லாம் எம்மாத்திரம்?" என்று கேட்ட பெரியவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் விழித்ததுண்டு.

பிறகு மே மாதம் வந்தது. இரண்டாம் அலையில் எத்தனை அடக்கத் திருப்பலிகள், எத்தனை முறை கல்லறைத் தோட்டத்தில் நான்கு பேரோடு நின்றோம் என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அச்சமே மக்களை ஊசிக்கு அழைத்து வந்தது என்றால் மிகையாகாது. ஆயினும் அச்சம் மட்டும் போதவில்லை. கூப்பிடவும் ஆள் இருந்தது. 2021 செப்டம்பர் 12 முதல் தமிழக அரசு மாபெரும் தடுப்பூசி முகாம்களை நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால், ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்று நினைத்துப் பலர் ஒதுங்கினார்கள். எனவே அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். (நம்மவர்களில் சிலரும் ஞாயிறன்று திருப்பலிக்கு வந்துவிட்டு முகாமைச் சுற்றிக்கொண்டு போனதை நான் அறிவேன். காரணத்தைக் கேட்கவில்லை.) கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வீடாக வந்து, பாட்டியின் பெயரைச் சொல்லி, கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

மூன்றாவது ஊசியின் கதை வேறு. அதற்கு அரசு வைத்த பெயர் முன்னெச்சரிக்கை டோஸ். மக்கள் வாயில் அது பூஸ்டர். 2022 ஜனவரி 10 அன்று அது தொடங்கியபோது, அறுபது வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் போன்ற நோய் உள்ளவர்களுக்கு மட்டுமே. மருத்துவர் சான்றிதழ் தேவையில்லை என்று முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். ஆனால் "சீட்டு வேணுமாம்" என்ற பேச்சே ஊரில் நின்றது. ஓமிக்ரான் பரவியதால் அந்த ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில் ஆலயங்களுக்குள் மக்கள் வரத் தடை இருந்தது. முதியோரை ஒன்றாகப் பார்த்து ஒரு செய்தியைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே இடம் பலிபீடத்தின் முன்பு. அது அப்போது மூடிக்கிடந்தது.

மார்ச் 16 முதல் அறுபதைக் கடந்த அனைவருக்கும் பூஸ்டர் அனுமதிக்கப்பட்டது. இங்கேதான் என் தவறும் நிகழ்ந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 24 அன்று, மறையுரைக்குப் பின் "அறுபது வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பூஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தேன். இரண்டாம் ஊசி போட்டு ஒன்பது மாதம் முடிந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. உண்மையில் சரியாகப் படித்துப் பார்க்கவில்லை. மறுநாள் ஏழெட்டு முதியவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வெயிலில் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் ஊசி போட்டது முந்தைய அக்டோபரில். "ஜூலையில் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தாத்தா அன்று மாலை என்னிடம் வந்து, "நீங்க சொல்லித்தான் போனோம் சாமி" என்றார். கோபம் இல்லை, களைப்புதான். அதன்பின் ஜூலை 6 அன்று இடைவெளியை ஆறு மாதமாகக் குறைத்தார்கள்; ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை பதினெட்டு வயதைக் கடந்த எல்லாருக்குமே இலவசமாகப் போட்டார்கள். செவிலியர் வீடு தேடியும் வந்தார். நானும் மீண்டும் அறிவித்தேன். அந்த ஏழெட்டுப் பேரில் போனவர்கள் இருவர் மட்டுமே.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. இந்தியா முழுவதிலும் முதல் ஊசி போட்டவர்கள் ஏறக்குறைய 102 கோடி, இரண்டாவது 95 கோடி, மூன்றாவது ஏறக்குறைய 22 கோடி. கொரோனா போய்விட்டது என்ற எண்ணம் இதற்கு முதல் காரணம். ஆனால் முதியோரிடம் உட்கார்ந்து கேட்டபோது வேறு சிலவும் தெரிந்தன. கோவின் இணையதளத்தில் ஒரே கைபேசி எண்ணில் நான்கு பேரையும், 2022 ஜனவரிக்குப் பின் ஆறு பேரையும் பதிவு செய்ய முடிந்தது. நம் ஊரில் அந்த எண் யாருடையது? பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மகனுடையது, அல்லது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மருமகளுடையது. "உங்களுக்கு மூன்றாவது தவணை நேரம் வந்துவிட்டது" என்ற குறுஞ்செய்தி ஓசூரைத் தாண்டி எங்கோ ஒரு கைபேசியில் வந்து விழுந்தது. பாலக்கோட்டுப் பக்கம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த தாய்க்கு அது தெரியாது. முன்பு போட்ட அதே ஊசியைத்தான் பூஸ்டராகவும் போட வேண்டும் என்பது அப்போதைய விதி. "கோவிஷீல்டா, கோவாக்சினா?" என்று கேட்டால், "ஊசிதாங்க போட்டாங்க" என்பதே பதில்.

சரி, மூன்றாவது எதற்கு, ஆண்டுதோறும் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். தடுப்பூசி நம் உடலுக்கு ஒரு கிருமியின் அடையாளத்தைக் கற்றுக்கொடுக்கிறது. உடல் அதற்கெதிரான ஆற்றலை உருவாக்குகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அது குறைகிறது. முதியோரிடம் தொடக்கத்திலேயே குறைவாக உருவாகி விரைவாகவும் குறைகிறது. ஏரிக்கரையை ஒருமுறை போட்டுவிட்டால் போதும் என்று நம் முன்னோர் இருந்துவிடவில்லை, மழைக்கு முன் மண் போட்டுப் பலப்படுத்தினார்கள். பூஸ்டர் அப்படிப்பட்டதுதான்.

ஃப்ளூ எனப்படும் சளிக்காய்ச்சலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வைரஸ் தன் வெளித்தோற்றத்தை இடைவிடாமல் மாற்றிக்கொள்கிறது. எனவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்தெந்த வகைகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு உதவாமல் போவது அதனால்தான். 2009-இல் நாம் பன்றிக் காய்ச்சல் என்று பயந்தோமே, அந்த வைரஸ் இன்று ஆண்டுதோறும் வரும் சளிக்காய்ச்சல்களுள் ஒன்றாகிவிட்டது. 2023 தொடக்கத்தில் எச்3என்2 என்ற வகை நாடெங்கும் பரவியது. நம் நாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், மழைக்காலத்துக்குப் பின்னும் இது அதிகரிக்கிறது என்று மத்திய சுகாதார அமைச்சகம் கூறுகிறது. உலகில் ஆண்டுதோறும் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை ஃப்ளூ சார்ந்த சுவாச நோய்களால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முதியோருக்கே ஆபத்து அதிகம். "சளிதானே" என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராதா? வரலாம். வகை நன்கு பொருந்தும் ஆண்டுகளில் ஏறக்குறைய 40 முதல் 60 விழுக்காடு அளவுக்கு நோயைத் தடுக்கிறது. வந்தாலும் கடுமையாகாமல் இருக்க உதவுகிறது. ஊசியே காய்ச்சலைக் கொடுத்துவிடும் என்பது தவறான எண்ணம். தோளில் போடப்படும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஓரிரு நாள் கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் வரலாம்; அது உடல் பாடம் படிக்கும் அடையாளம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாகும் என்பதால் மழை பிடிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கொரோனா ஊசியையும் இதையும் ஒரே நாளில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே தெரிவித்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே செவிலியரிடம் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். கடும் காய்ச்சல் இருக்கும் நாளில் போடாமல் தள்ளிப்போடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறல் வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

2024-இல் இன்னொரு பயம் கிளம்பியது. கோவிஷீல்டு ஊசியால் அரிதாக இரத்தக்கட்டு ஏற்படக்கூடும் என்பதை அஸ்ட்ராசெனகா நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. "மூணு வருசம் கழிச்சு எனக்கு இப்ப இரத்தம் கட்டுமா சாமி?" என்று ஒருவர் தூக்கமின்றிக் கேட்டார். அந்தப் பக்கவிளைவு உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மிக அரிது. இளையோரிடமே கூடுதலாகக் காணப்பட்டது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. ஆண்டுகள் கழித்து வருவதன்று.

நம்பிக்கை சார்ந்த ஐயமும் சிலருக்கு உண்டு. கோவிஷீல்டு தயாரிப்பில், கருக்கலைப்போடு தொடர்புபடுத்தப்படும் பழைய செல் வழிமரபு ஒன்று பயன்பட்டது என்பது அந்த ஐயம். 2020 டிசம்பர் 21 அன்று வெளியான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் குறிப்பு இதற்குப் பதிலளித்தது: வேறு குறையற்ற ஊசி கிடைக்காத நிலையில் இத்தகைய ஊசியை நல்மனச்சான்றோடு பெறலாம், அதனால் கருக்கலைப்பை ஏற்பதாகாது, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆயினும் பொதுநலனைக் கருத வேண்டும். கோவாக்சின் குரங்கின் சிறுநீரகச் செல் வழிமரபில் தயாரானது; ஃப்ளூ ஊசிகளில் பெரும்பாலானவை கோழிமுட்டையில் வளர்க்கப்படுபவை. தடுப்பூசி பெறுவதை ஓர் அன்புச் செயல் என்று 2021 ஆகஸ்டில் எடுத்துரைத்தவர், மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ்.

இனி பணத்துக்கு வருவோம், ஏனெனில் பாட்டியின் கேள்வியில் மறைந்திருந்தது அதுதான். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஃப்ளூ ஊசி இலவசம். நம் நாட்டில் ஹஜ் பயணம் செல்லும் முதியோருக்கு அரசு அதைப் போட்டு அனுப்புகிறது. வீட்டில் இருக்கும் முதியோருக்கு அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை; தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத்தான் போட வேண்டும். மாதம் உதவித்தொகையில் வாழும் ஒரு விதவைக்கு இது பாதி மாதச் சாப்பாடு. "எனக்கெதுக்கு சாமி, பேரனுக்கு ஃபீஸ் கட்டட்டும்" என்று சொல்வதைத் தியாகம் என்று நாமும் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அதைச் சொல்லும்போது அவர்களது முகத்தைப் பார்த்தால், யாராவது "இல்லை, உனக்கும்தான்" என்று மறுத்துச் சொல்ல மாட்டார்களா என்ற எதிர்பார்ப்பு தெரியும். கிராமத்து வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மறைமாவட்ட எல்லைக்குள் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதே பையில் ஒரு நாள் ஃப்ளூ ஊசியும் வரட்டும் என்று நாம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

அதுவரை எங்கள் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு. ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம்: அறுபத்தைந்தைக் கடந்தவர் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், போட்ட ஊசிகளும் தேதியும், பதிவு செய்த கைபேசி யாரிடம் இருக்கிறது என்ற விவரம். இதில் இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது பழைய சான்றிதழைத் தேடி அலையாமல் இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். கொரோனா ஊசி இப்போது தேவையா என்பதை அவரவர் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் இனி தேதி அறிவிப்பதாக இல்லை.

பாட்டியின் மகன் கல்லறைத் திருநாளுக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். நான் பேசும் முன்பே அக்காள் தொலைபேசியில் பேசியிருந்தார். மறுநாள் காலை தாயைத் தர்மபுரிக்கு அழைத்துப் போய் ஃப்ளூ ஊசி போட்டுவிட்டு, மதியப் பேருந்தில் வேலைக்குத் திரும்பினார். அடுத்த முதல் வெள்ளியன்று நான் போனபோது, அடுத்த ஆண்டு வர வேண்டிய மாதத்தை மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த சீட்டைப் பாட்டி ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். "கை ரெண்டு நாள் வலிச்சுது சாமி" என்றார்.