கைபேசிக்குள் நுழையாத நீட்டிப்புகள்

உலாவியில் திறக்கும் வலைப்பக்கத்தைப் படிப்பவரின் தேவைக்கேற்ப மாற்றித் தருகிற சிறு நிரல்களே எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்டிப்புகள். விளம்பரத்தை மறைப்பதும், கடவுச்சொல்லை நிரப்புவதும், சொல்லுக்குப் பொருள் காட்டுவதும் இவற்றின் பணிகள். கணினிக்கான குரோம் 2010-ஆம் ஆண்டிலிருந்தே இவற்றை ஏற்றுவருகிறது. அதே குரோமின் ஆண்ட்ராய்டு கைபேசிப் பதிப்பில் இவற்றை நிறுவ வழி தரப்படவில்லை.

திரை சிறியது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதில் ஓரளவு உண்மையுண்டு: சொல்லின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பொருள் காட்டும் அகராதி நீட்டிப்புக்கு, சுட்டியே இல்லாத தொடுதிரையில் வேலை தொடங்கும் இடமே இல்லை. ஆயினும் ஆழமான வேறுபாடு நினைவகத்தில் இருக்கிறது. விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்டிப்பில், கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் காத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. அது பல்லாயிரம் விதிகளை ஏந்திக்கொண்டு, பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணினியில், அதை அனுமதிக்கும் உலாவி திறந்திருக்கும்வரை அது விழித்திருக்க முடியும். கைபேசியிலோ, அழைப்பு ஒன்று வந்து பயனர் வேறு செயலிக்குப் போனதும், நினைவகத்தையும் பேட்டரியையும் காக்க வேண்டிய இயங்குதளம் உலாவியையே நிறுத்திவிடக்கூடும். அவர் திரும்பி வரும்போது விதிகள் அனைத்தும் மீண்டும் ஏற்றப்பட்டாக வேண்டும். ஆகவே கைபேசிக்கான நீட்டிப்பு, தேவைப்படும்போது எழுந்து, வேலை முடிந்ததும் ஓய்ந்து, மறக்கக்கூடாததைச் சேமிப்பகத்தில் எழுதிவைக்கும்படி அமைக்கப்பட வேண்டியதாகிறது.

ஐபோனில் தடை வேறுவிதமானது. எந்தப் பெயரில் வரும் உலாவியும், பக்கத்தை வாசித்துத் திரையில் வரைவதற்கு ஆப்பிளின் வெப்கிட் பொறியையே பயன்படுத்த வேண்டும் என்பது அங்கு நெடுங்கால விதி. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் கட்டாயத்தால் அது தளர்ந்தது. 2015-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9 அனுமதித்த தடுப்பான்கள், விதிப்பட்டியலை ஆப்பிளின் உலாவியான சஃபாரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவை. பயனர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்தரங்கத்தைக் காப்பதில் இம்முறை மேலானது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முழுமையான நீட்டிப்புகள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்தன; அவையும் ஒரு செயலிக்குள் பொதிந்து, ஆப் ஸ்டோர் வழியாகவே வந்தன.

பயர்பாக்ஸ் தன் ஆண்ட்ராய்டு உலாவியை 2020-இல் புதிதாகக் கட்டியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க நீட்டிப்புகளையே அனுமதித்தது. 2023 டிசம்பரில் கதவைத் திறந்தபோது 400-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. இயங்குதளமும் திரையும் பேட்டரியும் அவையேதான். எனவே குரோமில் நீட்டிப்புகள் இல்லாதிருப்பதைத் தொழில்நுட்பத்தின் இயலாமையாகக் கொள்ள முடியாது. அது உலாவியை உருவாக்குபவர் எடுத்த முடிவு. அம்முடிவால், கணினி வாங்க வசதியின்றிக் கைபேசி வழியாகவே இணையத்தை அறிந்தவர் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவை, கேளாமலே ஓடத் தொடங்கும் விளம்பரக் காணொளிகள் தின்றுகொண்டிருக்கின்றன.