பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணியின் மறுகட்டமைப்பு (2020–2025)

பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனை மையமாகக் கொண்ட ரக்பி லீக் அணியாகும். தேசிய ரக்பி லீக் (என்.ஆர்.எல்.) போட்டித்தொடரில் விளையாடும் இவ்வணி, 2020ஆம் ஆண்டு தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2025இல் அதே அணி வாகையர் பட்டத்தை வென்றது. இடைப்பட்ட காலத்தில் நடந்த மாற்றங்கள், தோல்வியுற்ற ஒரு விளையாட்டுக் கழகம் எவ்வாறு மீண்டெழ முடியும் என்பதற்கும், அந்தப் பாதை எவ்வளவு சீரற்றது என்பதற்கும் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளன.

பின்னணி

ரக்பி லீக் அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் விளையாட்டு. பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கப்படுவதற்குள் புள்ளி எடுக்க முயல வேண்டும். இல்லையெனில் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது டிரை எனப்படும். அதற்கு 4 புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 2 புள்ளிகள் கிடைக்கும். உடல் வலிமை மிக்க முன்கள வீரர்கள் களத்தில் முன்னேறிக் கொடுப்பதும், ஹாஃப்பேக் எனப்படும் ஆட்ட அமைப்பாளர் அந்த முன்னேற்றத்தைப் புள்ளிகளாக மாற்றுவதும் இந்த விளையாட்டின் அடிப்படை இயக்கமாகும்.

பிராங்கோஸ் அணி 1988இல் போட்டித்தொடரில் சேர்ந்தது. வேன் பென்னட் பயிற்சியின் கீழ் 1992, 1993, 1997, 1998, 2000, 2006 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. இவற்றுள் 1997ஆம் ஆண்டுப் பட்டம், போட்டி இரண்டாகப் பிளவுபட்டிருந்தபோது சூப்பர் லீக் பிரிவில் பெறப்பட்டதாகும். 1998 முதல் 2022 வரை பிரிஸ்பேன் நகரின் ஒரே உயர்நிலை அணியாக இருந்ததால், இளம் வீரர்களும் ரசிகர்களும் விளம்பரதாரர்களும் இயல்பாகவே இந்த அணியை நாடினர். இத்தகைய வசதிகள் கொண்ட ஒரு கழகம் கடைசி இடத்துக்குச் சரிந்தது என்பதால்தான் 2020ஆம் ஆண்டு வீழ்ச்சி பெரிதாகப் பேசப்பட்டது.

2020 பருவத்தின் வீழ்ச்சி

வீழ்ச்சியின் அறிகுறி முந்தைய ஆண்டிலேயே தெரிந்தது. 2019இல் அந்தோணி சீபோல்டு தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அணி எட்டாம் இடம்பெற்று இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்றாலும், பாரமட்டா அணியிடம் 58–0 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது.

2020 பருவம் நன்றாகவே தொடங்கியது. முதல் இரண்டு ஆட்டங்களில் நார்த் குயின்ஸ்லாந்து, சவுத் சிட்னி ஆகிய அணிகளை பிராங்கோஸ் வென்றது. அதன் பின் கொரோனா பெருந்தொற்றால் போட்டிகள் நிறுத்தப்பட்டன. மே 28 அன்று ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது பாரமட்டாவிடம் 34–6 என்றும், அதற்கு அடுத்த வாரம் சிட்னி ரூஸ்டர்ஸ் அணியிடம் 59–0 என்றும் தோற்றது. பருவத்தின் 20 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வெற்றி கிடைத்தது. கடைசிப் பதினொரு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. கேன்டர்பரி அணியும் மூன்று வெற்றிகளே பெற்றிருந்த போதிலும், புள்ளி வேறுபாட்டில் பின்தங்கியதால் பதினாறாவது இடம் பிராங்கோஸுக்கு வந்தது. கடைசி இடம்பெறும் அணிக்கு 'மரக்கரண்டி' கிடைத்ததாகச் சொல்வது இந்த விளையாட்டின் வழக்கு. ஆகஸ்ட் மாதம் சீபோல்டு பதவி விலகினார்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

முதலாவது காரணம் அனுபவ வெற்றிடம். கோரி பார்க்கர், சாம் தைடே, மேட் கில்லட் ஆகிய மூத்த முன்கள வீரர்கள் சில ஆண்டு இடைவெளியில் ஓய்வு பெற்றனர். அவர்கள் இடத்தை பெய்ன் ஹாஸ், டேவிட் ஃபிஃபிட்டா, பாட் காரிகன் போன்ற இருபது வயதையொட்டிய இளைஞர்கள் நிரப்பினர். திறமை இருந்தது, ஆட்டம் கைநழுவும்போது நிதானப்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்தனர்.

இரண்டாவது, நிலையான ஹாஃப்பேக் இல்லாமை. முன்கள வீரர்கள் எவ்வளவு முன்னேறினாலும், ஐந்தாவது மடக்கலுக்குப் பின் பந்தை எங்கே உதைப்பது என்று முடிவெடுப்பவர் உறுதியாக இல்லாவிட்டால் அந்த உழைப்பு வீணாகும்.

மூன்றாவது, விதி மாற்றம். 2020 மே மாதம் போட்டி மீண்டும் தொடங்கியபோது, மடக்கல் இடத்தில் நிகழும் சில தவறுகளுக்குத் தண்ட உதைக்குப் பதிலாக மீண்டும் ஆறு மடக்கல்கள் வழங்கும் விதி நடைமுறைக்கு வந்தது. இதனால் ஆட்டத்தின் வேகம் கூடியது. இளைப்பாறும் இடைவெளிகள் குறைந்தன. தற்காப்பில் ஒழுங்கு குலைந்த அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தன.

மறுகட்டமைப்பு ஏன் கடினம்

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகள் பலவற்றில் கடைசி இடம்பெறும் அணிக்கு, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை வழங்கப்படுகிறது. ரக்பி லீகில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் அவ்வாறான ஒரு முறை கொண்டுவரப்பட்டபோது, வீரர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1991இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த முறையைச் செல்லாதது என அறிவித்தது. ஆகவே தோல்வி எந்தப் பரிசையும் தருவதில்லை.

மறுபுறம், ஒவ்வொரு கழகத்துக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. பணம் மிகுந்த கழகமும் அந்த வரம்பைத் தாண்டி வீரர்களை வாங்க முடியாது. மேலும், ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டை நெருங்கும் வீரர் அதற்கு முந்தைய ஆண்டின் நவம்பர் 1 முதலே பிற கழகங்களுடன் பேச்சு நடத்தலாம். தோற்கும் அணியிலிருந்து நல்ல வீரர்கள் வெளியேறுவதற்கு இது வழிவகுக்கிறது. ஃபிஃபிட்டா 2021இல் கோல்டு கோஸ்ட் அணிக்கும், சேவியர் கோட்ஸ் 2022இல் மெல்போர்ன் அணிக்கும் சென்றனர். பிராங்கோஸின் இளையோர் அமைப்பில் வளர்ந்த ரீஸ் வால்ஷ், முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலேயே 2021இல் நியூசிலாந்தின் வாரியர்ஸ் அணிக்குப் போனார்.

எனவே வீழ்ந்த அணிக்கு மூன்று வழிகளே மிஞ்சுகின்றன: இருக்கும் இளைஞர்களைத் தக்கவைத்து வளர்ப்பது, வரம்புக்குள் அடங்கும் ஓரிரு அனுபவசாலிகளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது, நிர்வாகத்தையும் பயிற்சி முறையையும் திருத்துவது.

முதற்கட்டம்: கெவின் வால்டர்ஸ்

2021 பருவத்துக்கு கெவின் வால்டர்ஸ் தலைமைப் பயிற்சியாளரானார். இவர் வீரராக இருந்தபோது, 1992 முதல் 2000 வரை பிராங்கோஸ் வென்ற ஐந்து பட்டங்களிலும் பங்கு கொண்டவர். அதே ஆண்டில் மெல்போர்ன் கழகத்திலிருந்து டேவ் டோனகி தலைமை நிர்வாகியாக வந்தார். முன்னாள் வீரர் பென் ஐகின் ஆட்டப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு ஏழு வெற்றிகளுடன் அணி பதினான்காம் இடத்தையே எட்டியது.

திருப்பம் 2022இல் வந்தது. சவுத் சிட்னி அணியின் ஹாஃப்பேக் ஆடம் ரெனால்ட்ஸுக்கு அவருடைய பழைய கழகம் நீண்ட ஒப்பந்தம் தர முன்வரவில்லை. முப்பது வயதைக் கடந்திருந்த அவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பிராங்கோஸ் அழைத்து, அணித்தலைவராக்கியது. இரண்டாண்டுகளாக நிரப்பப்படாதிருந்த இடம் இதனால் நிரம்பியது. பதின்மூன்று வெற்றிகள் கிடைத்தன; கடைசி வாரங்களில் ஏற்பட்ட தோல்விகளால் ஒன்பதாம் இடத்தில் நின்று, இறுதிச்சுற்று வாய்ப்பை அணி இழந்தது.

2023இல் ரீஸ் வால்ஷ் திரும்பி வந்தார். பதினெட்டு வெற்றிகளுடன் இரண்டாமிடம் பெற்ற பிராங்கோஸ், அக்டோபர் 1 அன்று நடந்த இறுதிப்போட்டியில் பென்ரித் அணியைச் சந்தித்தது. எஸ்ரா மாம் மூன்று டிரைகள் எடுக்க, 24–8 என முன்னிலை கிடைத்தது. ஆனால் நேதன் கிளியரி வழிநடத்திய பென்ரித் எஞ்சிய நிமிடங்களில் 18 புள்ளிகள் எடுத்து 26–24 என வென்றது.

இரண்டாம் சரிவு

இறுதிப்போட்டியை எட்டிய அணி அடுத்த ஆண்டு மேலும் உயரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஊதிய வரம்பின் அழுத்தம் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்தது: வெற்றி பெற்ற வீரர்களின் மதிப்பு உயர, அனைவரையும் தக்கவைக்க இயலவில்லை. ஹெர்பி ஃபார்ன்வொர்த், டாம் ஃபிளெக்ளர் ஆகியோர் பிரிஸ்பேனின் புதிய அணியான டால்ஃபின்ஸில் சேர்ந்தனர். கர்ட் கேப்வெல் வாரியர்ஸ் அணிக்குச் சென்றார். 2024இல் பத்து வெற்றிகளுடன் அணி பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. வால்டர்ஸ் பதவி நீக்கப்பட்டார்.

அவருக்குப் பின் மைக்கேல் மாகுவர் நியமிக்கப்பட்டார். 43 ஆண்டுகளாகப் பட்டம் காணாதிருந்த சவுத் சிட்னி அணியை 2014இல் வெற்றிபெறச் செய்தவர் இவர்; அந்த அணியின் ஹாஃப்பேக் ஆடம் ரெனால்ட்ஸ்தான். 2024இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணியையும் தொடர் வெற்றிக்கு வழிநடத்தியிருந்தார். கடுமையான உடற்பயிற்சியும் தற்காப்பு ஒழுங்கும் அவருடைய முறையின் அடையாளங்கள். அதேவேளை, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியிலிருந்து 2022இல் இடையிலேயே நீக்கப்பட்டவரும் அவரே என்பதால், அந்தக் கண்டிப்பு எல்லா இடத்திலும் பலனளிப்பதில்லை என்பதும் அறியப்பட்டிருந்தது.

2025 பட்டம்

2025 பருவத்தின் நடுப்பகுதியில் தொடர் தோல்விகளால் அணி தடுமாறியது. பின்னர் மீண்டு, பதினைந்து வெற்றிகளுடன் நான்காமிடம் பெற்றது. இறுதிச்சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் பின்தங்கியிருந்து வென்றது:

- புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற கேன்பராவுக்கு எதிராக 28–12 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 29–28 என வெற்றி.
- தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றிருந்த பென்ரித்துக்கு எதிராக 14–0 எனப் பின்தங்கி, 16–14 என வெற்றி.
- இறுதிப்போட்டியில் மெல்போர்னுக்கு எதிராக இடைவேளையில் 22–12 எனப் பின்தங்கி, 26–22 என வெற்றி.

இறுதிப்போட்டியின் இரண்டாம் பாதியில் மெல்போர்ன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 2019இல் 58, 2020இல் 59 என வாரி வழங்கிய அணியின் தற்காப்பு எவ்வளவு மாறியிருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் வால்ஷுக்கு வழங்கப்பட்டது. பிராங்கோஸின் மகளிர் அணியும் அதே நாளில் பட்டம் வென்றது.

கேன்பராவுக்கு எதிரான வெற்றிப் புள்ளியை உதைத்தவர் பென் ஹன்ட். 2015 இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத் தொடக்கத்தில் பந்தைத் தவறவிட்டு, பிராங்கோஸ் 17–16 எனத் தோற்கக் காரணமானவராக நெடுங்காலம் நினைவுகூரப்பட்டவர் இவர். வேறு அணிக்குச் சென்று 2025இல் திரும்பி வந்தார்.

பருவவாரியான நிலை

2019 – 8ஆம் இடம், 11 வெற்றிகள்
2020 – 16ஆம் இடம், 3 வெற்றிகள்
2021 – 14ஆம் இடம், 7 வெற்றிகள்
2022 – 9ஆம் இடம், 13 வெற்றிகள்
2023 – 2ஆம் இடம், 18 வெற்றிகள், இறுதிப்போட்டியில் தோல்வி
2024 – 12ஆம் இடம், 10 வெற்றிகள்
2025 – 4ஆம் இடம், 15 வெற்றிகள், வாகையர்

பிற அணிகளுடன் ஒப்பீடு

எல்லா அணிகளும் இவ்வளவு விரைவாக மீள்வதில்லை. நியூகாசில் அணி 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம்பெற்று, 2020இல்தான் இறுதிச்சுற்றுக்குத் திரும்பியது. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியும் 2022 முதல் 2024 வரை மூன்று முறை தொடர்ந்து கடைசியில் நின்றது. பிராங்கோஸுக்கு அவ்வணிகளிடம் இல்லாத ஒரு சாதகம் இருந்தது: 2020இல் தோல்வியைச் சந்தித்த இளைஞர்களே அந்த அணியின் முதலீடாகவும் இருந்தனர். ஹாஸ், காரிகன், கொடோனி ஸ்டாக்ஸ் ஆகியோர் கடைசி இடத்தில் நின்ற ஆண்டிலும் ஆடினர். பட்டம் வென்ற ஆண்டிலும் ஆடினர். பயிற்சியாளர்கள் மாறினர், அனுபவசாலிகள் வந்து சேர்ந்தனர். ஆனால் தக்கவைக்கப்பட்ட அந்த அடித்தளம் இல்லாதிருந்தால், அவர்கள் கட்டியெழுப்ப எதுவும் இருந்திருக்காது.