ஜன்னலைத் தட்டின பேயும் 19 வயசுப் பிடிவாதமும்

வெள்ளை கவுன் போட்ட ஒரு பொண்ணு. சுத்தி ஒரே புகை. கண்ணை அகல முழிச்சு, கையைக் காத்துல வீசி, குரலை உச்சாணிக் கொம்புல ஏத்தி வெச்சுப் பாடறாங்க. 'வதரிங் ஹைட்ஸ்' வீடியோவை எங்கயாவது பார்த்திருப்பீங்க. முதல் தடவை பார்த்தப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, ஒத்துக்கறேன். 1978-ல இங்கிலாந்துலயும் நிறையப் பேர் சிரிச்சாங்க. சிரிச்ச எங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் பிடிபடலை. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

பாடினவங்க கேட் புஷ். முதல் ஆல்பம் 'த கிக் இன்சைட்', 1978 பிப்ரவரி 17-ல வந்தது. 13 பாட்டு, அத்தனையும் அவங்களே எழுதி மெட்டுப் போட்டது. வயசு 19.

19 என்ன 19! அதே ஆல்பத்துல 'த மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்'னு ஒரு பாட்டு இருக்கு. அதை எழுதினப்ப வயசு 13. ஆர்கெஸ்ட்ராவோட ரெக்கார்ட் பண்ணினப்ப 16. அந்தச் செலவுக்குக் கைகொடுத்தவர் பிங்க் ஃபிளாய்டு கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர். தெரிஞ்சவங்க மூலமா வந்த டேப்பைக் கேட்டு அசந்துபோய், 1975-ல லண்டன் ஏர் ஸ்டுடியோவுக்கு அனுப்பி வெச்சார்.

அடுத்த வருஷம் இஎம்ஐ ரெக்கார்ட் கம்பெனி அவங்களோட ஒப்பந்தம் போட்டுச்சு. ஆனா, "ஆல்பம் எங்கே?"ன்னு கழுத்துல கத்தி வைக்கலை. காசு கொடுத்து, காத்திருந்துச்சு. இந்தக் காலத்துல எந்தக் கம்பெனி அப்படிக் காத்திருக்கும், சொல்லுங்க? அந்த இடைவெளியில கேட் புஷ், லிண்ட்சே கெம்ப்கிட்ட டான்ஸும் மைமும் கத்துக்கிட்டாங்க. பாடகர் டேவிட் போவிக்குச் சொல்லிக்கொடுத்த அதே கெம்ப். ஒரு பேண்டு சேர்த்துக்கிட்டு பப்ல பாடினாங்க. வீடியோவுல பார்க்கிற அந்தக் கைவீச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?

1977 கோடையில மிச்சப் பாட்டெல்லாம் ரெக்கார்ட் ஆச்சு. அப்புறம்தான் சண்டை. கம்பெனி, 'ஜேம்ஸ் அண்ட் த கோல்டு கன்'ங்கிற ராக் பாட்டை முதல்ல விடலாம்னுச்சு. பப்ல கைதட்டல் வாங்கின பாட்டு, கையைக் கடிக்காது. கேட் புஷ் ஒரே பிடியா, 'வதரிங் ஹைட்ஸ்'தான் முதல்லன்னு நின்னாங்க. நவம்பர்ல வரவேண்டிய அந்த சிங்கிள், அட்டைப்படம் அவங்களுக்குப் பிடிக்காம ஜனவரிக்குத் தள்ளிப்போச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். நவம்பர்ல பால் மெக்கார்ட்னியோட 'மல் ஆஃப் கின்டயர்' வந்து, வாரக்கணக்கா முதலிடத்தை விட்டு நகரவே இல்லை.

இப்போ அந்தக் குரலுக்கு வருவோம். எமிலி பிராண்டே 1847-ல வெளியிட்ட நாவல் 'வதரிங் ஹைட்ஸ்'. டிவியில வந்த அந்தக் கதையோட கடைசிப் பகுதியைப் பார்த்துத்தான் கேட் புஷ்ஷுக்குப் பொறி தட்டுச்சு. (ரெண்டு பேருக்கும் பிறந்தநாள் ஜூலை 30. சும்மா சொல்லிவெச்சேன்.) பாட்டுல பேசறது யாரு? அந்த நாவல்ல வர்ற, செத்துப்போன கேத்தி. ஜன்னலுக்கு வெளியே குளிர்ல நின்னு, காதலன் ஹீத்கிளிஃப்கிட்ட உள்ள விடச் சொல்லிக் கெஞ்சற பேய். பேய் எந்தச் சுருதியில பாடும்? அந்தக் கீச்சுக்குரல் ஒரு வேஷம். அதே ஆல்பத்துல, 16 வயசுல பாடின பாட்டைக் கேளுங்க. குரல் தரைக்கு வந்து, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்.

கோரஸ் வரும்போது தொடையில தாளம் போட்டுப் பாருங்க. எங்கயாவது கை தப்பும். ஆரம்பத்துல இருந்த சுருதி கோரஸ்ல இருக்காது, தாளக் கணக்கும் நடுவுல மாறும். கேத்திக்குத் தரையில கால் பாவலை, பாட்டுக்கும் பாவலை.

மார்ச்ல 'அபா' குழுவோட பாட்டைக் கீழே இறக்கிட்டு, 'வதரிங் ஹைட்ஸ்' நாலு வாரம் நம்பர் 1. தானே எழுதின பாட்டைப் பாடி பிரிட்டன்ல முதலிடம் பிடிச்ச முதல் பெண் அவங்கதான். ஆல்பம் மூணாவது இடம் வரைக்கும் போச்சு.

ஆனா அது பங்க் ராக் கொடிகட்டிப் பறந்த நேரம். பேய், நாவல், பியானோ எல்லாம் பணக்கார வீட்டுப் பொண்ணோட பொழுதுபோக்குன்னு சில விமர்சகர்கள் முகம் சுளிச்சாங்க. டிவி காமெடியில அந்தக் குரலை வெச்சு நக்கலடிச்சாங்க. வேஷத்தையே ஆளுன்னு நினைச்சுட்டாங்க, நானும்தான். வேடிக்கை என்னன்னா, செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், பங்க்குக்கே அவர்தான் முகம், அவரே பின்னாடி "நான் கேட் புஷ் ரசிகன்"னு வெளிப்படையா சொன்னார். அமெரிக்காவுல ஆல்பம் எடுபடலை. டிசம்பர்ல 'சாட்டர்டே நைட் லைவ்'ல பாடியும் பலனில்லை.

முதல் ஆல்பத்துக்குக் கிடைச்ச அவகாசம் ரெண்டாவதுக்குக் கிடைக்கலை. அதே வருஷம் நவம்பர்ல 'லயன்ஹார்ட்' வந்துடுச்சு, அந்த அவசரம் அதுல கேக்குது.

1986-ல ஒரு தொகுப்புக்காக 'வதரிங் ஹைட்ஸ்'ஸை மறுபடி பாடினாங்க. பழைய குரல் அவங்களுக்கே சின்னப்பொண்ணு குரலா பட்டுச்சாம். புதுசுல குரல் கனமா, பக்குவமா இருக்கு. ஹெட்ஃபோன் மாட்டி ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. எனக்குப் பழசுதான். புதுசுல வர்ற கேத்தி கதவைத் தட்டி, முறையா உள்ள வந்துடுவா போல இருக்கு. பழசுல வர்றவ இன்னும் ஜன்னலைப் பிறாண்டிக்கிட்டே நிக்கறா.