அறையைப் பார்க்கும் முன் அனுமதியைப் பாருங்கள்

2021 ஜனவரி 19. நீலகிரி மலையின் மசினகுடிப் பக்கம் காயத்தோடு அலைந்துகொண்டிருந்த ஒரு ஆண் யானையைச் சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியிலேயே அது இறந்துவிட்டது. சில நாட்களில் ஒரு வீடியோ வெளியானது. தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த அந்த யானையின் மேல், இரவில், யாரோ எரியும் பொருளை வீசுகிறார்கள். தலையில் தீ பற்றிக்கொண்டு எரிய, யானை இருட்டுக்குள் ஓடுகிறது. இருவர் கைது செய்யப்பட்டார்கள். விடுதியை விசாரித்தபோது அது அனுமதியே இல்லாமல் நடந்தது தெரிந்தது. சீல் வைத்தார்கள்.

அதே வாரம், ஜனவரி 23. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வயநாட்டில், மேப்பாடி அருகே காட்டையொட்டிய கூடாரங்களில் சுற்றுலா வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். இரவில் கூடாரத்துக்கு வெளியே நின்ற ஒரு இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. அங்கே கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைக்க அனுமதி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தை மூடியது.

ஓரிடத்தில் மனிதர்களால் யானை செத்தது, இன்னோரிடத்தில் யானையால் மனித உயிர் போனது. இரண்டு இடத்திலும் அறையோ கூடாரமோ எடுத்தவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே ஆட்களைத் தங்கவைக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் திருமுக்கூடல், வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கமிருந்து வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக முதுமலைக்குப் போகிறார்கள். ஏறத்தாழ ஐநூறு கிலோமீட்டர் பயணம். வேனுக்கு எத்தனை சீட், சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது என்றெல்லாம் வாரக்கணக்கில் பேசுவார்கள். தங்குமிடம் மட்டும் செல்போனில் பார்த்த நாலு படத்தை வைத்து, கூகுள் பேயில் முன்பணம் அனுப்பி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காட்டோரத்தில் உயிருக்கும் பணத்துக்கும் வரும் ஆபத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முதுமலையை ஒட்டிய மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்கள் இருப்பது சீகூர் பீடபூமியில். ஒரு பக்கம் செங்குத்தாக எழும் நீலகிரி மலை, மறுபக்கம் ஆழமாக இறங்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற யானைக் கூட்டத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகலான நிலம்தான் வழி. அந்த வழியில் காட்டேஜ்கள் முளைத்தன. சுற்றிலும் மின்வேலி போட்டார்கள், இரவெல்லாம் விளக்கு எரிந்தது, ஸ்பீக்கர் அலறியது. சமையலறை எச்சத்தைத் தேடிக் கரடியும் பன்றியும் வரத் தொடங்கின. யானைகள் சுற்றிக்கொண்டு போய் ஊருக்குள் நுழைந்தன, வயலில் இறங்கின. அடிவாங்கியவர்கள் அங்கே பிறந்து வளர்ந்த ஏழைகள்.

தமிழ்நாடு அரசு 2010இல் இந்த யானை வழித்தடத்தை அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2018 ஆகஸ்டில், அந்த நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொல்லி, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. அந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்களிலேயே மேலே சொன்ன யானை இறந்தது. நீதிமன்றம் சொன்ன பிறகும் விதிமீறல் நடந்ததென்றால், வாடிக்கையாளர் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்துக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அனுமதிக் காகிதம் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். திருமுக்கூடல்காரர்கள் அப்படிக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் ஊரில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே நடந்த மருத்துவமனையில் 15 படுக்கை, மருத்துவர் யார், அறுவை செய்பவர் யார், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன படி, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாமே அதில் வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு வருகிற எவரும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. பிறரைத் தன் கூரையின் கீழ் தங்கவைப்பவர் தன் பொறுப்பை ஊரறிய எழுதி வைக்க வேண்டும் என்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

சரி, என்னென்ன கேட்பது? உள்ளாட்சி கொடுத்த தொழில் உரிமம் இருக்கிறதா, அதில் விடுதி என்று இருக்கிறதா, வீடு என்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. குடியிருக்க வீடு கட்டுகிறேன் என்று அனுமதி வாங்கி, பெயர்ப்பலகை மாட்டி, காட்டேஜாக நடத்துவதுதான் மலைப்பகுதியில் அதிகம் நடக்கும் மோசடி. ஹோம்ஸ்டே என்று சொன்னால், சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா, உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். பெயருக்கு ஹோம்ஸ்டே, இரவில் ஒரு காவல்காரர் மட்டும் என்றால் அது வேறு கதை. சாப்பாடு தருகிறார்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து இடம் எவ்வளவு தூரம், ஹாகா என்று அதிகாரிகள் வாயில் வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இருக்கிறதா என்பதும் கேட்கத்தக்கதே. உரிமத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் உடனே அனுப்புவார். அப்படி நடத்துகிற உள்ளூர்க்காரர்களும் மசினகுடியில் இருக்கிறார்கள். விதிமீறுகிறவர்களால் அவர்கள் பிழைப்பும்தான் கெடுகிறது. அவர்களிடம் போய்த் தங்குவதே நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

கூடாரத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் காட்டோரக் கூடாரத்தில் தங்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. துணிச் சுவருக்கு யானை நிற்காது. கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, இரவில் வெளியே நடக்க வேண்டுமா என்பதைப் பதிவு செய்யும் முன் கேளுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்குமா, மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் கேட்க வேண்டியவை. பெரிய மருத்துவமனைக்கு ஊட்டிக்கோ கூடலூருக்கோதான் ஓட வேண்டியிருக்கும்.

விளம்பரமே பல நேரம் உண்மையைச் சொல்லிவிடும். 'நைட் சஃபாரி உண்டு', 'விலங்கு நிச்சயம் பார்க்கலாம்', 'கேம்ப் ஃபயர், டிஜே' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். காட்டுக்குள் சுற்றிக்காட்டும் உரிமை வனத்துறைக்குத்தான். இரவில் தனியார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் போவது சட்டவிரோதம். பிடிபட்டால் டிரைவர் மட்டும் மாட்டமாட்டார், பின்சீட்டில் இருக்கும் நீங்களும்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான தண்டனைப் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டுமில்லை. விலங்குக்கு இரை காட்டி இழுப்பதும் அதை விரட்டுவதும்கூட வேட்டை என்ற வரையறைக்குள் வருகின்றன. பால்கனியிலிருந்து மான் பார்க்கலாம் என்று உப்பும் தீனியும் வைக்கிற விடுதி எதைச் செய்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத வேடந்தாங்கல் நமக்குப் பக்கத்து ஊர். உயிரினங்களின் அருகில் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வனத்துறையின் சொந்த அறைகளைத்தான். முதுமலை புலிகள் காப்பகத்துக்குத் தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களில் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். நீச்சல்குளம் இருக்காது, அறையும் சாதாரணமானதுதான். ஆனால் அனுமதி பற்றிய சந்தேகமே எழாது. வனத்துறை வாகனத்தில் காட்டைப் பார்க்கவும், முகாம் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கவும் தெப்பக்காடுதான் இடம். அறை கிடைக்கவில்லையா, கூடலூரிலோ ஊட்டியிலோ தங்கிக் காலையில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். காட்டுக்கு நடுவில் கண்விழித்தால்தான் காடு பார்த்ததாகும் என்பது விளம்பரம் நமக்குள் ஏற்றிய எண்ணம்.

வனத்துறை அறை என்ற பெயரிலும் போலி இணையதளங்கள் வரலாம், எச்சரிக்கை. தேடலில் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் ஆகிவிடாது. தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்ய வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

வழியைப் பற்றி இரண்டு விஷயம். நீலகிரிக்குள் வெளி மாவட்ட வண்டிகள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 என வரம்பும் வைத்தார்கள். பாஸ் கிடைத்த பிறகு அறைக்குப் பணம் கட்டுங்கள். மைசூர் வழியாகச் சுற்றி வருகிறவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'நேரம் கழிந்தாலும் பரவாயில்லை, ஆள் வைத்து அழைத்துக்கொள்கிறோம்' என்று விடுதி சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் ஏமாற்றப்பட்டால் வழி இருக்கிறது. படத்தில் காட்டிய அறை வேறு, கொடுத்தது வேறு என்றாலும், போய்ச் சேர்ந்த அன்று விடுதிக்கு சீல் வைத்திருந்தாலும், அது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. 'முன்பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் ஒரு வரி போட்டுவிட்டு உங்கள் உரிமையை மறித்துவிட முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி இதில்தான் இருக்கிறது: விடுதி நீலகிரியில் இருந்தாலும், வழக்கை நாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே போடலாம். ஊட்டிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால் பணத்தை விடுதியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், பில் கேளுங்கள், விளம்பரத்தையும் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். அறைக்குள் நுழைந்ததும் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்வதும் பின்னால் உதவும்.

விலங்கைத் துன்புறுத்துவதையோ தீனி வைத்து இழுப்பதையோ கண்டால் படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். அந்த மசினகுடி யானைக்கு நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது ஒரு வீடியோவால்தான்.

பயணத்துக்கு நாள் இருக்கிறது என்றால் இன்னொன்றும் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மசினகுடி ஊராட்சிக்கு மனு எழுதி, உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மே மாதப் பயணத்துக்கு மார்ச் தொடக்கத்தில் மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டால், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே அறை தேடத் தொடங்கலாம்.